சில்லுக்கட்டை

வெள்ளை வேட்டி தேடிக் கட்டிலுக்கடியில் கையை விட்ட தனுஜாவுக்குக் கனமான பெட்டி ஒன்று தட்டுப்பட்டது. இரண்டு கையாலும் இழுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாள். மேலே அவளுடைய கையெழுத்தில் அப்பாவின் விலாசம். 'லொறி கணபதி, கீழ்ப்பிரிவு, ஸ்பிரிங்வெளி.' ஒன்றரை வருஷத்துக்கு முன் அவள் கொழும்பிலிருந்து பதுளை பஸ்ஸில் போட்டுவிட்ட ஸ்டார்ட்டர் மோட்டர். ஒட்டிய டேப்பைக்கூட யாரும் பிரிக்கவில்லை.

"லொறியில பூட்டியாச்சு புள்ள. சாவியத் தொட்டாலே புடிச்சுக்கிது" என்று அப்பா போனில் சொன்னார். அதற்குப் பிறகும் நாலைந்து தடவை, கேட்காமலே சொன்னார்.

முன்னறையில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். முந்தாநாள் நெஞ்சுவலி என்று முச்சக்கரவண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனவர். காலடியில் அம்மா ரெங்கம்மா சுவரில் சாய்ந்திருந்தாள். நேற்று உடல் வந்ததிலிருந்து அவள் அழவும் இல்லை, ஒரு வார்த்தை பேசவும் இல்லை. வந்த பெண்கள் கட்டிப்பிடித்து அழப்பார்த்தார்கள். அவள் அசையாமல் இருக்கவே மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டு போனார்கள்.

வாசலில் கிருஷ்ணராஜின் தலை தெரிந்தது. அப்பாவின் அக்கா மகன். இன்று அப்பாவை ஏற்றி லொறியை ஓட்ட வேண்டியவன்.

"ஒரு கேனத்தனம் நடந்து போச்சு புள்ள" என்றான். "பந்தல் போட எடம் வேணும்னு பயலுக நேத்தே லொறிய மைதானத்துக்கு உருட்டி விட்டுட்டானுக. சாவிக்குப் புடிக்கல."

தனுஜாவுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. மரக்கறி ஏற்றிப் பதுளைச் சந்தைக்குப் போகும் அந்த லொறிக்கு அவளைவிட வயது கூட. சாவியில் எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் செத்துப் பதினைந்து வருஷம். அப்பா அதை எப்போதும் லயத்து வீட்டு வாசலுக்கு எதிரே இறக்கத்தில் நிறுத்துவார். லொறி உருளாதபடி முன்சில்லுக்கு அண்டை கொடுத்து ஒரு பலாக்கட்டை. காலையில் ஒருவர் கட்டையை உருவ, லொறி உருள, அவர் இரண்டாம் கியரில் கிளச்சை விட, எஞ்சின் இருமிக்கொண்டு பிடிக்கும்.

கட்டை எடுப்பது அந்தக் காலத்தில் தனுஜாவின் வேலை. அப்பா இரண்டு தரம் ஹோன் அடித்து "கட்டை" என்று குரல் கொடுப்பார். பாவாடையைச் செருகிக்கொண்டு உருவி, கட்டையோடு ஓடி, உருளும் லொறியின் இடப்பக்கக் கதவில் தொற்ற வேண்டும். பள்ளிக்கூடம் வரை ஓசிச் சவாரி. சட்டையெல்லாம் லீக்ஸின் வெங்காய வாடை. டீச்சரிடம் அதற்காக அடியும் வாங்கியிருக்கிறாள். மறுநாளும் ஏறினாள்.

அவள் கொழும்புக்குப் போனபின் தம்பி துஷாந்த் கட்டை எடுத்தான். பிறகு ஒரு பெருமழையில் மலை சரிந்தது. கீழ் லயத்து வீடுகளில் பாதியையும், மயானத்தையும், துஷாந்தையும் கொண்டு போனது. இனிக் கட்டைக்கு ஆளில்லை என்றுதான் அடுத்த மாதமே தனுஜா, தான் வேலை செய்யும் உதிரிப்பாகக் கடையில் ஒவ்வொன்றாகப் பார்த்து இந்த ஸ்டார்ட்டரைப் பொறுக்கி அனுப்பினாள்.

"ஸ்டார்ட்டர்தான் இருக்கேன்னு நெனச்சிருக்கானுக" என்றான் கிருஷ்ணராஜ். "மாமாதான் மக அனுப்பினான்னு ஊரெல்லாம் சொன்னாரே."

"அப்ப தெனம் உருட்டித்தானே எடுத்திருப்பாரு. ஏன்னு ஒருத்தரும் கேக்கலயா?"

"கேட்டோம். பெட்டரிக்கு நல்லதுன்னாரு."

மைதானம் கிண்ணம் மாதிரி. எந்தப் பக்கம் போனாலும் ஏற்றம். புது மயானம் மேல்பிரிவில், நாலு மைலுக்கு அப்பால். மலர்ச்சாலையின் பிரேத வண்டி உடலை இறக்கிவிட்டுப் போய்விட்டது. மேல்பிரிவு ரோட்டில் அது ஏறாது.

"மூணு மணிக்கு டிரக்டர் கேட்டிருக்கேன்."

"உரம் ஏத்துற டிரக்டரா மச்சான்?"

"கழுவித் தாறாங்களாம்."

அம்மா தலையைத் தூக்கி இருவரையும் பார்த்தாள். மறுபடி குனிந்துகொண்டாள்.

தனுஜா பெட்டியை இடுப்பில் தூக்கி வைத்தாள். "மூணு மணிக்குத்தானே. ஷுக்ரி பாஸ் வந்துட்டாரா?"

பதுளையில் கராஜ் வைத்திருக்கும் ஷுக்ரி, அப்பாவின் முப்பது வருஷச் சிநேகிதர். மரண வீட்டுக்கென்று வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். பெட்டியைப் பார்த்தார், பிரிக்காத டேப்பைப் பார்த்தார். சட்டைக் கையை மடித்துவிட்டார். ஆனால் அவருடைய தொந்தி லொறிக்கடியில் போகவில்லை. தனுஜா சாக்கை விரித்துப் படுத்தாள்.

"அப்பன் கெடக்கையில பொம்பளப் புள்ள லொறிக்கடியில கெடக்கா" என்றாள் மேட்டில் நின்ற ஒருத்தி.

"அவரு எந்திரிச்சு வந்தா அவருந்தான் படுப்பாரு" என்றாள் பக்கத்தில் நின்ற கருப்பம்மா.

ஷுக்ரி பெட்டரி வயரைக் கழற்றினார். புது ஸ்டார்ட்டரைத் தரையில் வைத்து வயர் தொட்டுப் பார்த்தார். பல்சக்கரம் துள்ளி வெளியே வந்து சுற்றியது. "சாமான் நல்லம்" என்றார். பழையதின் கீழ் போல்ட் சுலபமாக வந்தது. மேல் போல்ட் துருவேறி எஞ்சினோடு ஒன்றாகியிருந்தது. எண்ணெய் விட்டுக் காத்திருந்தார்கள். தனுஜாவுக்கு அவருடைய செருப்பு மட்டும்தான் தெரிந்தது.

"மூணு தரம் பூட்ட வந்தேன் மகள்" என்றது செருப்புக்கு மேலிருந்த குரல். "மூணு தரமும் கணபதி தேத்தண்ணி தந்து அனுப்பிட்டான்."

"நான் குடுத்ததுன்னு வேணாம்னாரா?"

"பதினேழாம் நம்பர் ஸ்பேனர். இந்தாங்க. மெதுவா."

அவள் கை மட்டுமே போகும் இடுக்கு அது. முழங்கைத் தோல் உரிந்தது. மூன்றாவது அழுத்தலில் போல்ட் கிறீச்சிட்டு இளகியது. பழைய ஸ்டார்ட்டர் அவள் நெஞ்சின்மேல் இறங்கியது. இரும்பு குளிர்ந்து கிடந்தது.

"ஒங்கட தம்பி போனதுக்குப் பொறகு ஒங்கட அம்மா வாசப்படி தாண்டல்லயாம்" என்றார் ஷுக்ரி. "கொழுந்து பறிக்கவும் இல்ல, கோயிலுக்கும் இல்ல. சாப்பிடுறதுக்கும் குளிக்கிறதுக்கும்கூட எழுப்பணுமாம். ஒருநாள் கட்டைக்கு ஆளில்லாம இவன் சும்மா ஹோன் அடிச்சு, கட்டைன்னு கூப்பிட்டானாம். எழும்பி வந்து எடுத்தாவாம். எடுத்துட்டு ஏறி உக்காந்து, ஹாலிஎல டவுன் வரைக்கும் போய் வந்தாவாம்."

தனுஜா பழைய ஸ்டார்ட்டரை நெஞ்சிலிருந்து சாக்கில் இறக்கினாள்.

"அடுத்த நாளும் கூப்பிட்டான். இதப் பூட்டிட்டா இனி எதுக்கு அவளக் கூப்பிடுறதுன்னு என்னட்டக் கேட்டான். தேத்தண்ணியக் குடிச்சிட்டு வந்துட்டேன்."

லொறிக்கடியிலிருந்து ஒரு கை நீண்டது. "அந்தத் துணியக் குடுங்க பாஸ்."

புதியதைத் தூக்கி வைத்துப் போல்ட்டுகளை முறுக்கினாள். தடித்த வயரை மாட்டினாள். மெல்லிய வயரை எலி கடித்திருந்தது; ஷுக்ரி வேறு துண்டு போட்டு முறுக்கினார். அப்பாவின் சட்டைப் பையிலிருந்து வந்த சாவியைக் கிருஷ்ணராஜ் திருப்பினான்.

டக்.

இன்னொரு தரம் திருப்பினான். டக். அவ்வளவுதான். மேல்ரோட்டில் டிரக்டர் சத்தம் கேட்கத் தொடங்கியது.

"வந்துட்டான். விட்டுருவமா புள்ள?"

"இருங்க" என்றாள். எஞ்சினோடு ஸ்டார்ட்டர் ஒட்டும் முகத்தில் பதினைந்து வருஷ எண்ணெயும் மண்ணும் இறுகியிருந்தது. இரும்பில் இரும்பு படாமல் எர்த் வராது, கரண்ட் ஓடாது. கடையில் வாங்க வருகிறவர்களுக்கு அவளே நூறு தரம் சொன்ன விஷயம். திரும்பக் கழற்றினாள். கத்தியால் வெள்ளை தெரியும் வரை சுரண்டினாள். கண்ணுக்குள் தூசி விழுந்ததோ என்னவோ, தோளால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். திரும்பப் பூட்டினாள்.

இந்தத் தரம் லொறி சாவியைத் தொட்டதும் பிடித்துக்கொண்டது.

கிருஷ்ணராஜ் அதை ஏற்றத்தில் கொண்டுபோய், லயத்து வாசலுக்கு எதிரே, பந்தலை அவிழ்த்து ஒதுக்கிய வழக்கமான இறக்கத்தில் நிறுத்தினான். எஞ்சினை அணைக்க அவனுக்குப் பயம். கை பிரேக்கையும் நம்ப முடியாது. யாரோ கட்டையைச் சில்லுக்குக் கொடுத்தார்கள். அப்பாவைத் தூக்கிவந்து ஏற்றினார்கள். முழங்கால் கறையோடு ஷுக்ரி பின்னால் ஏறிக்கொண்டார். மயானத்துக்குப் பெண்கள் போவதில்லை, வாசலோடு நின்றார்கள். டிரக்டர்காரன் தொப்பியைக் கழற்றி ஒதுங்கி நின்றான்.

"கட்டைய எடு புள்ள" என்றான் கிருஷ்ணராஜ்.

தனுஜா குனிந்தாள். கை வைத்துப் பிடிக்கும் இடம் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. நிமிர்ந்தாள். ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஹோனை இரண்டு தரம் அழுத்தினாள்.

"அம்மா" என்றாள். "கட்டை."

ரெங்கம்மா எழுந்தாள். வாசற்படியைத் தாண்டி, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டே வந்தாள். குந்தினாள். ஒரே இழுப்பு. லொறி நகர்ந்தது.

"கட்டைய உள்ள போடுங்க அத்த" என்று கிருஷ்ணராஜ் எட்டிப் பார்த்துச் சொன்னான். "அங்கயும் எறக்கந்தான்."

"அங்க கல்லு கெடக்கும். அதச் சில்லுக்கு வச்சுக்க."

நேற்றிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு.

லொறி கோயில் வளைவில் திரும்பிற்று. கியர் மாறும் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. லொறி நின்ற இடத்தில் தட்டளவுக்கு எண்ணெய்க்கறை. ரெங்கம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கறைக்கு இந்தப் பக்கம் ஓரெட்டு அளந்து, மெலிந்த முனை சில்லு வந்து நிற்கும் பக்கமாக, கட்டையைத் தரையில் வைத்தாள். ஆடாமல் இருக்கிறதா என்று காலால் ஒருதரம் தட்டிப் பார்த்தாள்.