பேர் மட்டும்தான் ஒன்று

"கயித்தை விட்றாதே லோரன்!"

கத்திக்கொண்டே எய்னார் உறைந்த ஏரியின்மேல் குப்புறப் படுத்து ஊர்ந்தார். எதிரே பனி பிளந்து, கறுப்பாகத் தண்ணீர். பிக்கப் வண்டி முழுசாக உள்ளே போய்விட்டது. விளிம்பைப் பற்றியிருந்த இரண்டு கைகளும் ஒரு தலையும்தான் மிச்சம்.

"யோவ், இந்த வயசுல உனக்கு எதுக்கு இது? தீயணைப்பு வண்டி வந்துரும், திரும்பி வாய்யா!"

"அது வர்றதுக்குள்ள அவன் அடியில போயிருவான். வாயை மூடிட்டு இழு!"

அந்த மணிக்கட்டுகளில் கயிற்றைச் சுற்றினார். லோரன் இழுத்தான். வெளியே வந்து விழுந்தவன் வெண்டல் ஹால்வர்சன். உதடெல்லாம் நீலம். மூச்சு மட்டும் இருந்தது.

"ஜன்னல் கண்ணாடியை இறக்கி விட்டு ஓட்டியிருக்கான், அதான் தப்பிச்சான்," என்றான் லோரன், மினசோட்டாவுக்குப் புதிதாகக் குடிவந்தவன். "யாரோ நல்லாச் சொல்லிக் குடுத்திருக்காங்க. ஆமா, நீயும் ஹால்வர்சன்தானே?"

"சொந்தமில்ல."

அந்த ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு ஹால்வர்சன்மேல்தான் விழ வேண்டும். அதனால் பேரைச் சொன்ன கையோடு 'சொந்தமில்லை' என்று சேர்த்துக்கொள்வது வழக்கம். மர அறுவை ஆலை வேலைக்கென்று வெண்டல் இங்கே வந்து சேர்ந்த புதிதில், தூண்டில் கடைக்காரர், "உங்க ஆளா எய்னார்?" என்று கேட்டார். வெண்டல் பக்கத்திலேயே நின்றான். எய்னார் திரும்பிக்கூடப் பார்க்காமல் அதே சொல்லைச் சொன்னார். வெண்டல் புழு டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதன்பின் பனிக்காலம் முழுக்க, உறைந்த அதே ஏரிமேல் இருவரின் மீன்பிடிக் குடில்களும் ஒன்றையொன்று பார்த்தபடி நின்றன. பேச்சு இல்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் டார்லீன் குறுக்கே கையை நீட்டினாள். "சொந்தக்காரங்க மட்டும்தான் உள்ள போலாம். நீங்கதான் ஊரெல்லாம் சொந்தமில்லைன்னு தண்டோரா போட்டீங்களே!"

"ஒரு நிமிஷம் பக்கத்துல உட்கார்ந்துட்டு வந்துர்றேன் டார்லீன். அவ்வளவுதான்."

"சட்டம் சட்டம்தான், எய்னார்."

அவர் தொப்பியைக் கழற்றினார். குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னார். டார்லீனின் சிரிப்பு அப்படியே நின்றது.

"முழிச்சுத்தான் இருக்கார். கேட்டுட்டு வர்றேன்."

கதவு மூடியது. எய்னாரின் சட்டைக் கையில் இருந்த பனி உருகித் தரையில் சொட்டியது. ஒரு துளி விழுந்த சத்தம்கூடக் கேட்டது அந்த நடையில்.

டார்லீன் வந்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"காப்பாத்தினதுக்கு நன்றி சொல்லச் சொன்னார்."

"அப்புறம்?"

"பேர் மட்டும்தான் ஒண்ணாம்." அவள் குரல் இறங்கியது. "சொந்தமில்லையாம்."

எய்னார் தலையாட்டிவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டார்.

பனிமேல் வண்டி ஓட்டினால் கண்ணாடியை இறக்கி வை என்று பல வருஷம் முன்னால் வெண்டலுக்குச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். தூண்டில் கடையில் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான்.

இரண்டையுமே மகன் மறந்திருக்கவில்லை.