குறைகடத்தியைச் சந்தைக்கு ஓட்டிப்போனது

என் மனைவி கோகிலவாணி செய்த குறைகடத்திக்குக் கால் இல்லை. ஆனாலும் அது நடந்தது. அவள் பங்குனியில் இறந்தபின் நான் போகும் இடமெல்லாம் பின்னால் வந்தது.

உள்ளங்கை அகலக் கண்ணாடித் தகடு. அதன்மேல் தலைமுடியைவிட மெல்லிய கருப்புப் பூச்சு. வெயில் பட்டால் மின்சாரம் கொடுக்கும். ஈரம் பட்டால் மஞ்சளாகும். முழுக்க மஞ்சளானால் வெறும் கண்ணாடி. ஒரு மூலையில் ஏற்கெனவே மஞ்சள் தொடங்கியிருந்தது.

அவள் வேலை பார்த்த ஆய்வகத்தின் இயக்குநர் என்னை அழைத்தார். அவர் மேசைமேல் நின்றுகொண்டிருந்தார். தரையைத் துடைக்கிறார்கள் என்றார். யாரும் துடைக்கவில்லை.

"வாணி செஞ்சதுல மிச்சம் இது ஒண்ணுதான். வேற யாருக்கும் அந்தப் பக்குவம் வரலை. மழைக்கு முன்னாடி சந்தைப்படுத்தியாகணும்."

"யார் கொண்டுபோறது, மேடம்?"

"அது உங்க பின்னாலதானே வருது?"

நியாயமாக இருந்தது. ஒரு மூலையில் செம்புக் கம்பியைக் கட்டி ஓட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஆய்வகத்தின் நடைவழி முன்பெல்லாம் கேன்டீனில் முடியும். அன்று மாட்டுச் சந்தையில் முடிந்தது. சற்று நீளம்தான். நடுவில் இரண்டு ஊர்கள் இருந்தன. ஓர் ஊரில் கூப்பிட்டு மோர் கொடுத்தார்கள். குடித்தேன். பங்குனிக்குப் பிறகு எனக்கு உப்பு தெரிந்தது அதுதான் முதல் தடவை.

சந்தை வாசலில் சுங்கம் வாங்கும் மயிலாத்தாள் உட்கார்ந்திருந்தார்.

"என்னதுங்க தம்பி இது?"

"குறைகடத்தி."

"என்ன குறையைக் கடத்தறீங்க?"

"என்னோடதுதான்."

"அதுக்குச் சுங்கம் கெடையாது. உள்ள போங்க."

எனக்குப் பின்னால் வரிசையில் ஒரு மேகம் நின்றது. கருத்து, கனத்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மயிலாத்தாள் அதை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ எங்க முட்டிக்கிட்டு வர்ற? சில்லறை இருக்குதா?"

மேகத்திடம் சில்லறை இல்லை.

"அப்ப ஓரமா நில்லு." என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார். "வெரசாப் போங்க கண்ணு. ரொம்ப நேரம் நிறுத்திவைக்க முடியாது."

அவருக்கு என்னை முன்பின் தெரியாது.

உள்ளே தரகர் நாச்சிமுத்து என்னைப் பிடித்துக்கொண்டார். தோளில் துண்டு. கையில் குடை. தகட்டைச் சுற்றி வந்து பார்த்தார்.

"பல்லைக் காட்டுங்க."

"இதுக்குப் பல் கிடையாதுங்க."

"இன்னும் பல்லே போடலையா? அப்ப கன்னு." சந்தோஷப்பட்டார். பிறகு குனிந்து, மாட்டுக்கு ராசி பார்ப்பதுபோல் சுழி தேடினார். "குறை ஏதாச்சும் உண்டுங்களா?"

"நிறைய இருக்கு. உள்ளே அங்கங்கே அணுவே இல்லாம காலியா கிடக்கும். அப்படியும் வேலை செய்யும்."

"தீவனம்?"

"வெயில் போதும்."

"குறையோட வேலையும் செய்யுது, சோறும் கேக்கறதில்லை. இப்படியொரு மருமகன் கெடைச்சிருந்தா நான் ஏனுங்க சந்தைக்கு வாறேன்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாடுகளும் சிரித்தன. நானும் முயன்றேன். முகம் ஒத்துழைக்கவில்லை. யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

நாச்சிமுத்து ஓர் ஆலை முதலாளியைக் கூட்டிவந்தார். முதலாளி தன் டிரைவரின் சட்டைப்பையில் இருந்தார். எட்டிப் பார்த்தார்.

"இருவத்தஞ்சு வருசம் உழைக்குமா?"

"செஞ்சவ இருபத்தொம்பது வருஷம் இருந்தா."

"அப்ப நாலு வருசம் கூடவே வருது." திருப்தியானார். "ஆனா வீட்ல பழைய சிலிக்கான் தகடு ஒண்ணு கட்டிக் கெடக்குது. புதுசைக் கண்டா முட்டும்."

"முட்டாதுங்க. அதோட முதுகு மேலயே இது ஏறி உட்கார்ந்துக்கும். ரெண்டும் சேர்ந்தா இன்னும் அதிகமா கறக்கும்."

முதலாளி யோசிப்பதற்காகப் பைக்குள் இறங்கினார். மேலே வரவில்லை. டிரைவர் வருத்தத்தோடு பையின் பொத்தானைப் போட்டார்.

"அவர் யோசிக்க ஆரம்பிச்சா பொங்கல் ஆயிருமுங்க. நீங்க வேற ஆளைப் பாருங்க."

வாசல் பக்கம் சத்தம் கேட்டது. மேகம் யாரிடமோ சில்லறை மாற்றிவிட்டது.

காற்று ஈரமானது. மஞ்சள் பாதித் தகட்டுக்கு வந்தது. சட்டையைக் கழற்றிப் போர்த்தினேன். மஞ்சள் நிற்கவில்லை. இதுவும் போனால், அவள் செய்தது என்று கைகாட்ட உலகத்தில் எதுவும் இருக்காது. இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. நாச்சிமுத்து, கேட்டதுபோல் தலையாட்டினார்.

"கையைக் குடுங்க தம்பி."

துண்டை எடுத்து என் வலது கையை மூடினார். அந்தச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்குள் விரல் பிடித்துச் சொல்வார்கள். எத்தனை விரலோ அதுதான் விலை. இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

"வாங்கறது யாருங்க?"

"கையை உள்ள விடுங்க."

அவருடைய ஒரு கை தகட்டுக்குக் குடை பிடித்திருந்தது. மற்றது துண்டின் முனையில் இருந்தது. துண்டுக்குள் இன்னொரு கை இருந்தது.

வாணியின் கை. சூடான தட்டில் சுட்ட தழும்பு ஆள்காட்டி விரலில் அப்படியே இருந்தது. கையுறை மாவு இன்னும் போகவில்லை.

ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்தேன். அது பெரிய விலை. அந்தச் சந்தையில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அவள் கட்டைவிரலை உருவிக்கொண்டாள். காய்கறிக் கடையிலும் அப்படித்தான். எதையும் சொன்ன விலைக்கு வாங்க மாட்டாள். நான் நாலை இறுக்கிப் பிடித்தேன். மூன்றாயிற்று. கட்டாது என்று தலையை ஆட்டினேன். இரண்டாயிற்று.

"ஆளு கெட்டிக்காரன். லேசுல எறங்க மாட்டேங்கறான்," என்று பின்னால் பேசிக்கொண்டார்கள்.

கடைசியில் என் கையில் அவளுடைய சுண்டுவிரல் மட்டும் இருந்தது. அதை அவள் உருவவில்லை. அதுதான் அவளுடைய முடிவான விலை. எனக்காகக் காத்திருந்தாள். குடையின் மேல் முதல் துளி விழுந்தது.

"சரி," என்றேன்.

சுண்டுவிரல் ஒருமுறை அழுத்தியது. என் இடது கையிலிருந்த கம்பி துண்டுக்குள் இழுபட்டது. தகடு அதன் பின்னாலேயே போனது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நாச்சிமுத்து துண்டை உதறினார். உள்ளே ஒன்றும் இல்லை.

மழை கொட்டியது. சந்தையில் நின்ற ஒவ்வொரு மாட்டின் முதுகிலும் அதே கருப்புத் தகடு இருந்தது. மேலே இன்னொரு கண்ணாடி வைத்து ஓரத்தை அடைத்திருந்தார்கள். தண்ணீர் வழிந்து ஓடியது. ஒன்றுகூட மஞ்சளாகவில்லை. டீக்கடையில் பல்புகள் எரிந்தன. மேகம் இறங்கிவந்து ஒரு தகட்டைத் தடவிப் பார்த்தது. தெரியாமல் அவசரப்பட்டுவிட்டேன் என்றது. பரவாயில்லை என்றேன்.

"உங்க தரகுங்க?" என்று நாச்சிமுத்துவிடம் கேட்டேன்.

"அந்தப் புள்ள அப்பவே குடுத்துட்டுதுங்க."

நன்றி சொன்னேன். அவர் துண்டைப் பிழிந்து, தலை துவட்டிக்கொள்ளச் சொல்லி என்னிடம் கொடுத்தார்.

எருமை விற்க வந்தவர் ஒருவர் அருகில் வந்தார்.

"என்ன வெலைக்குங்க போச்சு?"

விலையைச் சொல்லக் கூடாது. அதுதான் வழக்கம். வலது கையை மூடியே வைத்திருந்தேன்.

"கட்டுபடியாச்சுங்க," என்றேன்.