ஒன்பது மணிச் சலுகை

பிரசவ விடுப்பு முடிந்து சிட்டு வேலைக்குத் திரும்பிய அன்று, மேலாளர் பழைய கோப்பு அறையைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு நாற்காலி, குட்டி ஃப்ரிட்ஜ், கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள்.

"பால் எடுக்கணும்னா இங்க வந்துக்கோம்மா. ஆறு மாசத்துக்கு நீ ஒன்பது மணிக்கு வந்தாப் போதும்."

பின்னால் நின்ற பெரியக்காவுக்கு வயிறு எரிந்தது. அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எல்லோருக்கும் மூத்தவள் அவள். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், ஐம்பது நாள் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் காலை ஆறு மணிக்கு வந்து நின்றவள். மார்பு கட்டிக்கொண்டால் கழிப்பறையில் நின்று பாலைப் பீய்ச்சி வீணாக ஊற்றுவாள். அப்போதும் இதே கட்டடம்தான். அந்த அறையும் இருந்தது.

இப்போது வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வரும் காலைக் கூட்டத்தை அவள் ஒருத்தியே சமாளித்தாள். ஒன்பது மணிக்குச் சிட்டு தலை வாரி, பளிச்சென்று வருவாள். அந்த முகத்தைப் பார்க்கவே பெரியக்காவுக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாவது வாரம், அவசரத்தில் பெரியக்கா ரத்தம் எடுத்த ஒரு குழாயை உள்ளிருக்கும் மருந்தோடு கலக்க மறந்தாள். ரத்தம் உறைந்து வீணானது.

"அவ எந்நேரமும் அந்த ரூம்லயே இருந்தா சாம்பிளை யாரு சார் பாக்கறது?" என்று மேலாளரிடம் போட்டுக்கொடுத்தாள்.

ஒன்பது மணிச் சலுகை பறிபோய், மறுநாள் ஆறு மணிக்கே சிட்டு வந்துவிட்டாள். வரிசையாக ஊசி குத்தி ரத்தம் எடுத்தாள். எட்டு மணிக்கு அவளுடைய வெள்ளைக் கோட்டின் முன்புறம் நனைந்து ஈரம் பரவியது. ஒரு ஃபைலை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

கேட்டது கிடைத்தும் பெரியக்காவால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"ரூமுக்குப் போயிட்டு வாடி."

"வேணாங்க்கா. அப்புறம் அங்கயே இருக்கேன்னு சொல்லுவீங்க."

பெரியக்கா நேராக மேலாளரிடம் போனாள். "அந்தக் குழாயைக் கெடுத்தது நான்தான் சார்."

"அப்புறம் ஏம்மா அவ மேல பழி போட்டீங்க?"

"எனக்குப் பிள்ளை பொறந்தப்ப யாருமே எதுவும் செய்யல. இவளுக்கு மட்டும் என்னன்னு தோணிச்சு."

"நீங்க செஞ்சது தப்புதான். ஆனா காலை வேலை மொத்தத்தையும் உங்க ஒருத்தர் தலையில கட்டினது என் தப்பு" என்றார் மேலாளர். திங்கட்கிழமையிலிருந்து காலைக் கூட்டத்துக்கு இன்னொரு ஆளும் வந்தார். சிட்டுவுக்கு ஒன்பது மணி திரும்பக் கிடைத்தது.

அவள் பெரியக்காவிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு மாதம் அப்படியே போனது. ஒரு நாள் மதியம் சிட்டுவுக்கு வீட்டிலிருந்து போன். பிள்ளைக்குக் காய்ச்சல். வேலை பாதியில் கிடக்க, கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"நின்னுட்டு இருக்காத, கிளம்பு. உன் சாம்பிள் எல்லாத்தையும் இப்படித் தள்ளு" என்றாள் பெரியக்கா.

சிட்டு கோட்டைக்கூடக் கழற்றாமல் படியிறங்கி ஓடினாள். அன்று சாயங்காலம் வரை பெரியக்காவுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் கையில் சிட்டுவின் குழாய்களில் ஒன்றுகூடக் கெடவில்லை.