வேலிக்கு அப்பால் போன சாம்பல்

விறகுக் கூடையின் அடியில் கிடந்த சிறு பலகைத் துண்டைக் குலசிங்கம் சன்னலருகே கொண்டு சென்று, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திப் பார்த்தார். அதன் மேற்பரப்பு வெயிலிலும் மழையிலும் வெளுத்துப் போயிருந்தது. கோடரி பட்டுப் பிளந்த பக்கத்திலோ, ஈரச் சுவரில் படரும் பாசியைப் போன்ற மெல்லிய பச்சை ஓடியிருந்தது. சனிக்கிழமை காலை, ஹென்டர்சன் புறநகர் முழுவதும் ஜூலை மாதத்துக் குளிர்கால மழையில் நனைந்துகொண்டிருந்தது. வரவேற்பறையின் மூலையில், கணப்பின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், முந்திய நாள் தீயின் மிச்சம் ஆறிக் கிடந்தது.

"மரகதம், இஞ்ச ஒருக்கா வாரும்."

தோசைக்கல்லைக் கழுவிக்கொண்டிருந்த மரகதம், கணவரின் குரலில் வழக்கமான விரிவுரைத் தொனி இல்லாததைக் கவனித்தாள். ஈரக் கையைத் துடைத்தவாறே வந்து நின்றாள்.

"இந்தத் துண்டு எங்கயிருந்து வந்தது?"

"பின்னுக்கு, ஷெட்டடியில, தார்ப்பாய்க்குக் கீழ அடுக்கிக் கிடந்ததுதானே. ஏனப்பா?"

"உதில எவ்வளவு எரிச்சனீர்?"

"நான் என்ன எண்ணினனானே? இந்த மூண்டு கிழமையா அடுப்பு மூட்டேக்க நாலைஞ்சு வைக்கிறனான். நல்லாக் காய்ஞ்ச மரம். நீங்கள்தானே சொன்னனீங்கள், ரெண்டு துண்டைத் தட்டினா டங் எண்டு கேக்கோணும் எண்டு. உது கோயில் மணி மாதிரிக் கேட்டுது."

குலசிங்கம் அத்துண்டை ஒரு பத்திரிகைத் தாளின்மேல் வைத்து, கையை வேட்டியில் துடைக்கப் போய், துடைக்காமல் நிறுத்திக்கொண்டார்.

"உது பழைய டெக் பலகை. உக்காமல், பூச்சி அரிக்காமல் இருக்கிறதுக்கு மருந்து ஏத்தின மரம். ஆர்சனிக். பாஷாணம்."

விறகைப் பற்றி அவர் அறியாதது மிகக் குறைவு என்பதே அவருடைய எண்ணமாக இருந்தது. இவ்வீட்டை வாங்கிய முதல் ஆண்டிலேயே மனுக்கா நின்று எரியும், பைன் விரைந்து எரிந்து தீரும், மக்ரோகார்ப்பா பொறி பறக்கும் என்றெல்லாம் அவர் கற்றுத் தேர்ந்திருந்தார். கோடையில் பிளந்து, காற்றோட்டமாக அடுக்கி, குளிர்காலத்துக்கு முன் மூடிவைப்பார். விருந்தினர் வந்தால் தேநீருக்கு முன்பே விறகுக் குவியலைக் காட்டுவார். மார்ச் மாதத்தில், வீட்டின் பின்புற மரத்தளமான பழைய டெக்கைக் கழற்றியபோது, அப்பலகைகளைத் தனியே அடுக்கி மூடியதும் அவரே. கழிவு நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைத்தார். ஒவ்வொரு ஞாயிறும் முதுகு வலித்தது. எல்லாவற்றையும் இத்தனை விரிவாகச் சொன்ன மனிதர், அவற்றை ஏன் தனியே வைத்தார் என்பதை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை. அவர் மனுரேவாவில் வேலை முடித்து, நெரிசலில் ஊர்ந்து, இருட்டிய பின் வீடு சேரும்போது அறை இதமாக இருக்கும். "இப்ப நீரும் வடிவாத் தீ மூட்டப் பழகியிட்டீர்" என்று அவர் மனைவியைப் பாராட்டியதும் சென்ற கிழமைதான்.

"அப்ப அந்தப் புகை?" என்றாள் மரகதம்.

"கதவைப் பூட்டித்தானே எரிச்சது, கனக்கப் புகை சிமினியால போயிருக்கும். திங்கக்கிழமை டொக்டரிட்டயும் ஒருக்காக் கேப்பம். புகையைவிடச் சாம்பல்தான் பொல்லாதது. மருந்து அதிலதான் தங்கும். சாம்பலை எங்க கொட்டினனீர்?"

மரகதத்தின் பார்வை சன்னலைத் தாண்டி, மர வேலியைத் தாண்டி, பக்கத்து வீட்டின் கீரைப் பாத்தியில் போய் நின்றது.

பக்கத்து வீட்டில் ரத்னாவும் விக்னேஷும் தங்கள் பத்து மாதக் குழந்தை ரஷ்மியுடன் வாடகைக்கு இருந்தனர். கோயம்புத்தூரிலிருந்து வந்தவர்கள். மே மாதத்தில் ஒருநாள், மரகதம் சாம்பல் வாளியோடு நிற்பதைக் கண்ட ரத்னா, "எங்க ஊர்ல கீரைக்கு இதைத்தான்கா தூவுவாங்க, பூச்சி கிட்டவே வராது" என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தாள். அச்சொல் போதுமானதாக இருந்தது. அன்று முதல் மரகதம் சாம்பலை இரும்பு வாளியில் சில நாள் ஆறவைத்து, கரித்துண்டு நீக்கிச் சலித்து, ஐஸ்கிரீம் டப்பாவில் நிரப்பி, வாரந்தோறும் வேலிக்கு மேலாக நீட்டிவந்தாள். பிள்ளைகள் இருவரும் வெல்லிங்டனிலும் சிட்னியிலும் குடியேறிய பின், ஒருவருக்கு ஒன்றை ஆயத்தம் செய்து கொடுக்கும் வேலை அவளுக்கு வேறு இருக்கவில்லை.

"நானும் வாறன்" என்று குலசிங்கம் செருப்பைத் தேடினார்.

"வேண்டாம். குடுத்தது நான்."

குடை எடுக்க அவளுக்குத் தோன்றவில்லை. மருந்துக் கடையில் வேலை செய்பவள் அவள். எத்தனை மாத்திரை, உணவுக்கு முன்னா பின்னா என்று ஒவ்வொருவருக்கும் இரண்டு முறை சொல்லி, அவர்கள் திருப்பிச் சொன்ன பின்பே பொதியைக் கையில் கொடுப்பவள். பெயர் ஒட்டாத ஒரு டப்பாவை, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாமல், கைக்குழந்தை உள்ள வீட்டுக்குத் தானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். பத்து மாதக் குழந்தையின் எடை என்ன இருக்கும் என்று அவள் மனம் தானாகவே கணக்கிடத் தொடங்கியபோது, அதை நிறுத்த முடியாமல் அழைப்பு மணியை அழுத்தினாள்.

ரத்னா குழந்தையை இடுப்பில் ஏந்தியபடி கதவைத் திறந்தாள். ரஷ்மியின் மோவாயிலும் கழுத்துத் துணியிலும் பச்சை நிற மசியல் அப்பியிருந்தது.

"வாங்கக்கா! என்ன இப்படி நனைஞ்சுட்டு வர்றீங்க?"

"ரத்னா, நான் தந்த சாம்பலை என்ன செய்தனீர்?"

கேள்வி முடியும் முன்பே ரத்னாவின் முகம் நன்றியால் மலர்ந்தது.

"சூப்பர்க்கா! வெந்தயக்கீரைக்குத்தான் தூவினேன். ஒரு பூச்சி இல்லை தெரியுமா?"

"எப்ப தூவினது?"

"நேத்துகூடப் போட்டேன்கா. இதோ, மேடம் சாப்பிடுறது அந்தக் கீரைதான். எல்லாம் உங்க புண்ணியம்."

குழந்தை மரகதத்தைப் பார்த்துச் சிரித்தது. சிரித்த வாய்க்குள்ளும் பச்சை.

"பிள்ளையின்ர வாயைக் கழுவும். விக்னேஷைக் காரை எடுக்கச் சொல்லும். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகோணும்."

"ஐயோ, என்னக்கா ஆச்சு?"

"நான் எரிச்சது மருந்து ஏத்தின பலகை. அந்தச் சாம்பல் நஞ்சு. எனக்குத் தெரியாது ரத்னா, சத்தியமாத் தெரியாது. நில்லாதையும், ஓடும்!"

ரத்னா ஓடவில்லை. அவள் முகத்தில் தோன்றியது அச்சம் அன்று, வேறொன்று. திருமண வீட்டில், கொடுத்தவரே பார்க்கும்படி பரிசைப் பிரிக்க நேர்ந்தவளைப் போல அவள் சங்கடப்பட்டாள்.

"அக்கா… ஒரு நிமிஷம். நான் அதைத் தூவவே இல்லைக்கா."

"இப்பதானே தூவினதெண்டு சொன்னீர்?"

"சும்மா சொன்னேன்கா."

"நேற்றுப் போட்டது?"

"அதுவும் சும்மாதான்."

உள்ளேயிருந்து பல் துலக்கும் தூரிகையோடு விக்னேஷ் எட்டிப் பார்த்தான். "அவ ஒரு நாள்கூடப் போட்டதில்லைக்கா. நான்தான் வாராவாரம் குப்பை போடுற ரெட் பின்ல போடுவேன். இப்ப ஒரு மாசமா பின் ஃபுல்லா டயப்பர். அதனால கராஜ்லயே கெடக்குது, மூடிகூடத் திறக்கல."

"பிள்ளை மேல ஆணையா?"

"பாப்பா மேல சத்தியமா. இவ மண்ணைக் கண்டா அள்ளி வாயில வெச்சுக்கிறா. எதுக்கு வம்புன்னு அந்தப் பக்கம் நான் சாம்பலே கொண்டுபோகல" என்றாள் ரத்னா.

மரகதம், செருப்புகள் அடுக்கிய தாழ்வான பலகையின்மேல், விக்னேஷின் சப்பாத்துகளை நசுக்கிக்கொண்டு அமர்ந்தாள். அழப்போகிறாள் என்று எண்ணிய ரத்னா குனிந்தாள். மரகதமோ சிரித்தாள்; கண்ணீர் வழிய, மூச்சு முட்டச் சிரித்தாள். எதற்கென்று தெரியாமலேயே ரஷ்மியும் சேர்ந்து கைதட்டியது.

"வேண்டாம் எண்டு சொல்லியிருக்கலாமே, விசரி!"

"எப்படிக்கா சொல்றது? நீங்க அதைச் சலிச்சு, மூடி போட்டு, மேல ரிப்பன் வேற கட்டி…"

"அது ரப்பர் பாண்ட்."

"எனக்கு ரிப்பனாத்தான் தெரிஞ்சுது. நீங்க இதையெல்லாம் பாத்திரம் தேய்க்க வெச்சுக்கலாம்லக்கா?"

"எனக்கு ஏன்? டிஷ்வொஷர் கிடக்குதே."

விக்னேஷ் பற்பசை தெறிக்கச் சிரித்து, உள்ளே ஓடினான். மூடிகூடத் திறக்காத டப்பாக்கள் என்ற சொல் மரகதத்தின் நெஞ்சில் சிறியதொரு முள்ளாகத் தைத்தது. வாரந்தோறும் அவள் பெற்ற நன்றிகள் எல்லாம் எங்கே போய்ச் சேர்ந்தன? அம்முள்ளை அவள் ஒருகணம் தடவிப் பார்த்தாள். வலித்தது, ஆயினும் குழந்தையின் மோவாயிலிருந்த பச்சையை முந்தானையால் துடைத்தபோது, அது வலிதானா என்றே அவளுக்கு ஐயம் ஏற்பட்டது.

அவள் வெளியே வந்தபோது, வேலிக்கு அப்பால், கைப்பேசியை நெஞ்சோடு அணைத்தபடி குலசிங்கம் மழையில் நின்றிருந்தார்.

"என்னவாம்?"

"போடேல்லையாம்! ஒருநாளும் போடேல்லையாம்!"

"பின்ன, போட்டது எண்டெல்லோ உம்மட்டச் சொன்னவள்?"

"பொய்யப்பா. தங்கமான பொய்!"

அவர் வேலிக் கட்டையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார். பிறகு, வழக்கத்துக்கு மாறாகத் தாழ்ந்த குரலில், "நான் சொல்லியிருக்கோணும், மரகதம்" என்றார்.

நண்பகலுக்குள் விக்னேஷ் எங்கிருந்தோ ஒரு டிரெய்லரை இரவல் வாங்கி வந்தான். கணப்பில் எஞ்சிய சாம்பலை நனைத்து, கையுறையும் முகக்கவசமும் அணிந்து அள்ளிப் பையில் கட்டினர். கராஜில் கிடந்த டப்பாக்களும் அதனுடன் சேர்ந்தன. பலகைகளை ஒவ்வொன்றாக ஏற்றும்போது குலசிங்கத்துக்குப் பழைய குரல் மெல்லத் திரும்பியது.

"விக்னேஷ், நீர் விறகு வாங்கேக்க முதல்ல கவனிக்க வேண்டியது என்னெண்டா…"

"எதை எரிக்கக் கூடாது எண்டதில இருந்து தொடங்குங்கோ" என்றாள் மரகதம்.

"அங்கிள், எங்க வீட்ல கரண்ட்ல ஓடுற ஹீட் பம்ப்தான்" என்றான் விக்னேஷ். ஆயினும் கேட்டுக்கொண்டான்.

டிரெய்லர் தெருமுனையில் திரும்பி மறைந்தது. மரகதம் தார்ப்பாயை உதறி மடித்தாள். பலகைகள் இருந்த இடத்தில் புல் வெளிறி, நீண்ட மஞ்சள் செவ்வகமாகப் படுத்திருந்தது. அதன் நடுவில் இரண்டு மண்புழுக்கள் திடுக்கிட்டு நெளிந்தன. மார்ச் மாதத்துக்குப் பின் முதன்முறையாக அதன்மேல் மழை விழுந்தது. வேலியின் மறுபக்கத்தில் ரஷ்மி எதையோ தரையில் தட்டித் தட்டி ஒலி எழுப்பிக்கொண்டிருந்தது.