இல்லாத பிறேக்

சுவிஸிலிருந்து உதயகலா விடுமுறைக்கு வந்து இறங்கிய அன்றே கார்க் கதை தொடங்கிவிட்டது. ஆட்டோவில் ஏறி இறங்க அவருக்கு இடுப்பு விடாதாம். மகன் பிரவீணனுக்கோ கையில் ஸ்டியரிங் இல்லாவிட்டால் பொழுதே போகாதாம். பையனுக்கு இருபத்தொரு வயது. அங்கே மூன்று வருடமாக ஓட்டுகிறேன், இங்கே மட்டும் ஏன் கூடாது என்று அவன் கேட்டான். கேட்பான்தானே. இங்கே மாடு எந்த ஒழுங்கையால் பாயும், சைக்கிள் எந்த வேலியால் வெளிப்படும் என்று அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

சுபாஜினி உதயகலாவின் அக்கா மகள். வயது இருபத்தொன்பது. கோப்பாயில் பெண்களுக்குக் கார் ஓட்டப் பழக்குவதுதான் அவளுடைய வேலை. நாலு வருடத்துக்கு முன் அவள் அந்த வேலைக்குப் போனபோது, பொம்பிளைப் பிள்ளை கார் பழக்கிறதோ என்று ஊர் வாயைப் பொத்திச் சிரித்தது. பிறகு அதே ஊர் தன் மருமகளையும் மகளையும் அவளிடம்தான் அனுப்பியது. பழகுநர் காரில் அவளுடைய இடம் இடப்பக்கத்துச் சீற். அந்தச் சீற்றின் முன்னாலும் ஒரு பிறேக் இருக்கும். பழக வந்தவள் பயத்தில் காலை மாற்றி மிதித்தால் சுபாஜினி தன் காலை வைப்பாள், கார் நின்றுவிடும். நாலு வருடத்தில் ஒரு கோழிக்குஞ்சைக்கூட அவள் சாகவிட்டதில்லை. அந்தப் பெருமை அவளுக்கு உண்டு, இல்லை என்று சொல்ல முடியாது.

பிரவீணனைக் கூட்டிக்கொண்டு டவுனில் கார் வாடகைக்கு விடுகிற மூன்று இடத்தில் ஏறி இறங்கினாள். இருபத்தைந்து வயது ஆகாதவனுக்குத் தரமாட்டோம் என்றார்கள். வெளிநாட்டு லைசென்ஸ் இங்கே செல்லுவதற்கு அரசாங்கத்திடம் வேறு ஒரு பத்திரம் எடுக்க வேண்டும், அது இருக்கிறதா என்றார்கள். அவனிடம் எது இருந்தது? கறுப்புக் கண்ணாடிதான் இருந்தது. கடைசியில் சோனகத் தெருவில் ஹலீமிடம் போனார்கள். ஹலீம் தொண்ணூறாம் ஆண்டு ஊரிலிருந்த முஸ்லிம்களையெல்லாம் துரத்தியபோது சின்னப் பையனாக வெறுங்கையோடு வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் இருபது வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். ஒரு பொருளை இன்னொருவர் கையில் கொடுக்கப் பத்துத் தரம் யோசிப்பார். அவரிடம் இருந்ததே ஒரு வெள்ளைக் கார்தான். ஆனால் அவருடைய மகள் றுஷ்தா சுபாஜினியிடம் கார் பழகியவள்.

"உங்கடை பேரிலை தாறன், தங்கச்சி. காரை நீங்கள்தான் ஓட வேணும். இவர் தொடக் கூடாது," என்றார் ஹலீம்.

ஓம் என்று சொல்லி அவள் கையெழுத்து வைத்தாள். அந்த நேரம் அவள் மனதாரத்தான் சொன்னாள்.

இரண்டு நாள் அவள்தான் ஓட்டினாள். மூன்றாம் நாள் காலை பண்டத்தரிப்பில் சின்னம்மா உதயகலாவின் பழைய பள்ளிக்கூடத் தோழி வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. போகிற வழியில் மருதனார்மடத்து ஆஞ்சநேயரிடம் நிறுத்தச் சொன்னார் சின்னம்மா. வாகனம் எடுத்தால் அங்கே கொண்டுபோய்ப் பூசை செய்து, நாலு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசிக்காமல் எங்கள் சனம் ஓட்டாது. அது சொந்தக் காருக்கு. ஒரு கிழமைக்கு எடுத்த வாடகைக் காருக்கு எந்தக் காலத்தில் யார் எலுமிச்சம்பழம் வைத்தார்கள்? சின்னம்மா வைத்தார். ஐயர் சிரித்துக்கொண்டே திருநீறு பூசிவிட்டார். பழத்தை நசிப்பது தன் மகனாக இருக்க வேண்டும், அதை வீடியோ எடுத்துச் சுவிஸில் உள்ளவர்களுக்கு அனுப்ப வேண்டும் என்று சின்னம்மா ஒற்றைக் காலில் நின்றார். நாலு பழம்தானே, நாலு முழத் தூரம்தானே என்று சுபாஜினி இறங்கிக் கார்த் திறப்பைக் கொடுத்தாள்.

பழம் நசிந்தது. பிரவீணன் இறங்கவில்லை. இனி நான் ஓடுகிறேன் அக்கா, உள் ரோட்டுத்தானே, நீங்கள் பக்கத்தில் இருந்து சொல்லுங்கள் என்றான். பின் சீற்றிலிருந்து சின்னம்மாவும் விடன் பிள்ளை என்றார். அவள் ஹலீமுக்குக் கொடுத்த வாக்கை நினைத்தாள். நினைத்துக்கொண்டே இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். அதுதானே அவளுடைய சீற்! ஆட்டம் கண்ட எத்தனை கைகளை அதில் இருந்துகொண்டு நேராக்கியிருக்கிறாள். இவன் மூன்று வருடம் ஓட்டியவன், ஏதும் பிசகினால் நான் பிடிப்பேன் என்று நினைத்தாள். அந்த நினைப்புத்தான் அவளுடைய பிழை. பிறகு எத்தனையோ தரம் அவள் அதைத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள்.

அவன் மோசமாக ஓட்டினான் என்றும் சொல்ல முடியாது. இடப்பக்கம், இடப்பக்கம் என்று அவள் சொல்லிக்கொண்டு வந்தாள், அவனும் கேட்டுக்கொண்டு வந்தான். பண்டத்தரிப்பு கிட்டியதும் ஒரு ஒழுங்கையிலிருந்து பெரிய ரோட்டுக்கு ஏறி வலப்பக்கம் திரும்ப வேண்டும். அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து சின்னம்மா ஏதோ ஒரு மதிலைக் காட்டி, அதுதான் எங்கள் வீடு இருந்த இடம் என்றார். சுபாஜினி தலையைத் திருப்பினாள். ஒரு கண நேரம்தான். பிரவீணன் வலப்பக்கம் திரும்பினான், வலப்பக்கமாக ஓட்டுகிற சுவிஸில் திரும்புகிற மாதிரியே. திரும்பி வலப்பக்கத்திலேயே போனான்.

தன் கரையால், தன் பாட்டில், ஒரு மனிதர் எதிரே சைக்கிளில் வந்தார். கரியரில் முருங்கைக்காய்க் கட்டு இருந்தது.

சுபாஜினி பிறேக்கை மிதித்தாள். உயிரைக் கொடுத்து மிதித்தாள். காலுக்குக் கீழே றப்பர் விரிப்புத்தான் இருந்தது.

அவள் இடப்பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். மனிதர் ரோட்டுக் கரையில் மல்லாந்து கிடந்தார். தன் தோளில் கிடந்த சால்வையை எடுத்துச் சுருட்டித் தலைக்குக் கீழே வைத்தாள். இரத்தம் அதிகம் இல்லை. அதைப் பார்த்து அவளுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது, பாவம். அவர் கண்ணைத் திறந்து, ஒண்டுமில்லைப் பிள்ளை, பயப்பிடாதை என்றார். பிறகு, "நீர் ஆற்றை பிள்ளை?" என்று கேட்டார். அடிபட்டுக் கிடக்கும்போதும் எங்கள் ஆட்களுக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டும். கோப்பாய்க் குணலட்சுமியின் மகள் என்றாள். அவர் அந்தப் பெயரை யோசித்துப் பார்ப்பது போலக் கண்ணை மூடிக்கொண்டார்.

அம்புலன்சுக்கு அடித்துவிட்டு அவள் திரும்பிப் பார்த்தபோது பிரவீணன் ஸ்டியரிங்கில் இல்லை. பின் சீற்றில், தாயின் பக்கத்தில், கையைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தான். சனம் வந்து சேர முதலே உதயகலா அவனை இழுத்துப் பின்னால் ஏற்றிவிட்டார். வெளிநாட்டில் இருபத்தாறு வருடம் இருந்தவருக்கு அந்த நேரத்தில் என்ன வேகம்! அவர் இறங்கி வந்து சுபாஜினியின் தோளைப் பிடித்துக்கொண்டு காதுக்குள் சொன்னார்.

"நீ ஓடினனி எண்டு சொல்லு, பிள்ளை. கார் உன்ரை பேரிலை, லைசென்சும் உன்னட்டை. அவருக்குக் கைகால்தான் முறிஞ்சிருக்கும், ஆசுப்பத்திரியிலை பாப்பினம். இவனெண்டால் பாஸ்போட்டைப் பறிச்சு உள்ளுக்கை போட்டிடுவாங்கள்." கொஞ்சம் நிறுத்தி, "செந்தூரனை நான் என்ரை வயித்திலை பிறந்தவன் மாதிரித்தானே வைச்சிருக்கிறன்," என்றார்.

செந்தூரன் சுபாஜினியின் தம்பி. மூன்று வருடமாக சுவிஸில் சின்னம்மா வீட்டில் இருக்கிறான், இருப்பதற்கு இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. சின்னம்மா வெருட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. சுபாஜினி அம்மாவுக்குப் போன் எடுத்தபோது குணலட்சுமி முதலில் குழறி அழுதார், பிறகு அழுகையை நிறுத்தி, சின்னம்மா சொல்லுறபடி செய்யன் பிள்ளை என்றார். பெற்ற தாயின் வாயிலிருந்தும் அதுதான் வந்தது.

பொலிஸ் வந்தது. ஆர் ஓடினது என்று ஒரு பொலிஸ்காரர் கேட்டார்.

"நான்," என்றாள் சுபாஜினி.

அந்த ஒரு சொல்லைத்தான் அன்று பின்னேரம் இரண்டு பக்கத்துக்கு எழுதி, வாக்குமூலம் என்று அவளிடம் கையெழுத்து வாங்கினார்கள். மூன்றாம் நாள் விடியப்புறம் கனகரத்தினம் என்ற அந்த மனிதர் பெரியாஸ்பத்திரியில் செத்துப்போனார். வயிற்றுக்குள்ளே இரத்தம் போயிருந்ததாம். பிரவீணன் அதற்கு முதல் நாளே பறந்துவிட்டான், பயணத்தை முன்னுக்குப் போட்டுத் தாய் கூட்டிக்கொண்டு போய்விட்டார். போகும்போது அக்கா என்று வந்து நின்றான். அவனும் ஒரு குழந்தைதான், ஆனால் அதைச் சொல்லி என்ன பிரயோசனம்?

அவளை நீதவான் பிணையில் விட்டார். லைசென்ஸை நீதிமன்றம் எடுத்து வைத்துக்கொண்டது. பழகுநர் நிலையத்துக்காரர் நல்ல மனிதர், வழக்கு முடியும்வரை வீட்டில் இரு தங்கச்சி என்று தன்மையாகச் சொன்னார். வழக்கு எத்தனை வருடம் போகும் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஆளைக் கொன்றவளிடமோ பழகினனீ என்று சந்தையில் யாரோ றுஷ்தாவைக் கேட்டார்களாம்.

பொலிஸ் விட்ட பிறகு காரை எடுக்கப் போன ஹலீம் நேரே அவள் வீட்டுக்கு வந்தார். வந்தவர் இருக்கவில்லை. சாரதியின் சீற் கடைசிவரைக்கும் பின்னுக்குத் தள்ளிக் கிடந்தது, அதில் இருந்தால் உங்கள் கால் எட்டவே எட்டாது தங்கச்சி என்றார். பொலிசிலை நான் சொல்லட்டோ என்று கேட்டார். வேண்டாம் அண்ணை என்றாள். படைத்தவனுக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீதிமன்றத் தவணைக்கு நாலு நாள் இருக்க, மத்தியானம் படலையடியில் ஒரு பெண் வந்து நின்றாள். கையில் ஒரு கடதாசிப் பை. கனகரத்தினத்தின் மகள் தவராணி என்றாள். சுபாஜினி கதிரையை இழுத்துப் போட்டாள். அடிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தாள், அடித்தால் நல்லது என்றும் நினைத்தாள். குணலட்சுமி குசினிக்குள் போய் நின்றுகொண்டார்.

தவராணி அடிக்கவில்லை. கதிரையில் இருந்து, பையிலிருந்து சுபாஜினியின் சால்வையை எடுத்தாள். தோய்த்து, மடித்து, மினுக்கியிருந்தது. மடியில் வைத்துக்கொண்டு கதைக்கத் தொடங்கினாள். ஆசுப்பத்திரியில் அப்பாவுக்கு இரண்டு நாள் நல்ல நினைவு இருந்ததாம். கோப்பாய்க் குணலட்சுமியின் மகள் என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம்.

"நீங்கள் இடப்பக்கக் கதவாலை இறங்கி ஓடி வந்தனீங்களாம். ஓடினது பெடியன், அந்தப் பிள்ளையிலை பிழையில்லை, பொலிசிலை சொல்லு எண்டு அப்பா சொன்னவர். செத்த வீட்டு அலுப்பிலை நான் போகேல்லை. இப்பதான் கேள்விப்பட்டன், நீங்கள்தான் ஓடினது எண்டு எழுதியிருக்காம்." அவள் சால்வையைத் தடவினாள். "எனக்கு உங்களோடை கோவமில்லை. கோட்டிலை உள்ளதைச் சொல்லுங்கோ. நானும் வந்து சொல்லுறன்."

இந்தப் பதினாறு நாளில் ஹலீமைத் தவிர சுபாஜினியின் பக்கம் நின்று ஒருவர் கதைத்தது இதுதான் முதல் தரம். அதுவும் யார்? ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். லைசென்ஸ் வரும், வேலை வரும், தலையை நிமிர்த்திக்கொண்டு கோப்பாய்ச் சந்தியால் போகலாம். குசினிக்குள் அம்மாவின் காப்புச் சத்தம் கேட்டது. சின்னம்மா வீட்டில் ஒரு மூலையில் படுக்கையை விரிக்கும் தம்பி கண்ணுக்குள் வந்தான். அவனை வெளியே போ என்று சொல்ல ஒரு நிமிடம் போதும்.

"இல்லை," என்றாள். "நான்தான் ஓடினனான்."

"அப்பா கண்டவர்."

"அவருக்கு அந்த நோவிலை மாறித் தெரிஞ்சிருக்கும்."

கண்ணாடி போடாமல் பேப்பர் வாசிக்கிற மனிதர் தன் தகப்பன் என்றாள் தவராணி. பிறகு எழும்பினாள். சால்வையைக் கதிரையில் வைத்தாள்.

"அப்பா கடைசியாக் கதைச்ச கதை அதுதான். அதையும் பொய்யாக்கிப் போட்டீங்கள்."

அவள் படலையைச் சாத்திக்கொண்டு போனாள். குணலட்சுமி வெளியே வந்து, போயிட்டாளோ என்று கேட்டார். ஓம் அம்மா, போயிட்டா என்றாள் சுபாஜினி. அவளுடைய வலது கால் சீமெந்து நிலத்தை அழுத்திக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக அப்படி அழுத்துகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த மனிதரை இன்றைக்கு இரண்டாம் தரம் அடித்தாயிற்று. இந்த முறை ஓட்டியது அவள்தான்.