லவனுக்கு அடுத்த நிகழ்ச்சி

ஏழு வருடமாக ராப் பாடும் வேலணை லவன் அம்மாவுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தான். நெடுந்தீவு விளையாட்டுக் கழக விழாவில் பாடியபின் ஒருவராவது அடுத்த நிகழ்ச்சிக்குக் கூப்பிடாவிட்டால், இரத்தினபுரியில் அத்தான் வைத்திருக்கும் இரும்புக்கடைக்குப் போய்விடுவான்.

பிரமுகர்கள் பேசி முடித்து ஒலிவாங்கி அவன் கைக்கு வந்தபோது, வெளியூர் அணிகள் கடைசிப் படகைப் பிடிக்க ஓடிவிட்டன. ஊர்ச்சனம் அவர்களை வழியனுப்பப் போய்விட்டது. லவன் மூச்சுவிடாமல் பாடினான். வெறும் கதிரைகள் ஒழுங்காக இருந்து கேட்டன.

பின்வரிசையில் மிஞ்சியிருந்த ஒரே மனிதர் குணபாலசிங்கம். பாட்டு முடிந்ததும் கைதட்டியபடி மேடையடிக்கு வந்தார்.

"தம்பி, உமக்கு மூச்சு முட்டாதோ?"

"இல்லை அண்ணை."

"அப்ப ஒரு நிகழ்ச்சி இருக்கு. செய்வீரோ?"

"ஓம் அண்ணை! எங்கை?"

"ஓட்டோவில ஸ்பீக்கர் கட்டி ஊர் முழுக்க மரண அறிவித்தல் சொல்லவேணும். சொந்தக்காரர் எண்பது பேர். கனடா, சுவிஸ், நோர்வே எண்டு நாட்டோட சொல்லவேணும். பெரியம்மாவின்ர செத்தவீட்டுக்குச் சொன்னவன் மருமக்களோடயே களைச்சுப்போனான். ஒரு பேர் விடுபட்டாலும் கோவிப்பினம்."

"ஆர் அண்ணை மோசம்போனது?"

"அப்பா. இன்னும் போகேல்லை, இழுத்துக்கொண்டு கிடக்கிறார். நீர் பேருகளைப் பாடமாக்கி வையும்."

லவன் அவர் நீட்டிய பெயர்ப் பட்டியலை வாங்கி ஒருமுறை வேகமாக வாசித்துப் பார்த்தான். தாளம் பிழைக்கவில்லை. அம்மாவுக்கு அழைப்பெடுத்து, நிகழ்ச்சி ஒன்று கிடைத்திருக்கிறது, திகதி மட்டும் இன்னும் முடிவாகவில்லை என்றான்.