அளவுக்கு வந்தவர்

"அளவுக்கு வந்திருக்கேன்" என்று முகாம் வாசலில் தையல்காரர் சொன்னது இரண்டே சொல். "அளவு எடுக்க வந்திருக்கேன்" என்று இன்னொரு சொல்லைச் சேர்த்திருந்தால் அவர் வாயிலிருந்து முத்தா உதிர்ந்திருக்கும்? அதிகாரிகளுக்குப் புதுச் சட்டை தைக்க வேண்டும், அளவெடுக்க வா என்று ஆளனுப்பியிருந்தார்கள். அந்த நினைப்பிலேயே வந்தவருக்கு, அங்கே பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்பதும், அதற்கு வருகிறவர்களும் உயரமும் மார்பும் அளக்கத்தான் வருகிறார்கள் என்பதும் எப்படித் தெரியும்? காவலாள் கையை நீட்டி, நீளமாய் நின்ற ஒரு வரிசையைக் காட்டினான்.

இத்தனை பேருக்கா தைக்க வேண்டும் என்று தையல்காரருக்கு மலைப்பாக இருந்தது. மதியத்துக்குள் வீடு திரும்பியாக வேண்டும். வீட்டில் அப்பா மட்டும் இருந்தார். அவருக்குப் பார்வை போய் ஆறு வருடம், காதும் அரைக்காது. ஒருமுறை சுவரைத் தடவிக்கொண்டே நடுத்தெருவுக்குப் போய் விழுந்ததிலிருந்து, தையல்காரர் வெளியே கிளம்பினால் கதவைப் பூட்டிவிட்டுத்தான் கிளம்புவார். சண்டை தொடங்கிய வாரமே அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஊரைக் காலி செய்துவிட்டார்கள். காலையில் ஒரு கிண்ணம் கஞ்சி ஊட்டி, பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் வைத்து, மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறேன் என்று காதுக்குள் கத்திச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

வரிசையின் முனையில் ஒரு ஹவில்தார் மார்பளவு எடுத்துக்கொண்டிருந்தார். டேப்பை முன்னால் இழுத்துப் பிடிக்கிறார், பின்னால் அது தொங்குகிறது. தையல்காரர் எட்டிப் பார்த்தார். சும்மா இருந்திருக்கலாம். தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? நேராக முன்னால் போய், அளவு எடுக்கிற லட்சணம் இதுவா என்று கேட்டு, டேப்பை அக்குளுக்கடியில் எப்படிக் கொடுக்க வேண்டும், மூச்சை எப்படி இழுத்துப் பிடிக்க வேண்டும் என்று தன் நெஞ்சை நிமிர்த்தியே செய்து காட்டினார்.

"முப்பத்தாறு" என்றார் ஹவில்தார். பக்கத்திலிருந்தவன் எழுதிக்கொண்டான். இங்கே ஒரு கையெழுத்து என்றார்கள். அளவெடுக்க வந்ததற்குத்தான் போலும் என்று இவரும் போட்டுக் கொடுத்தார். சனியனைத் தூக்கிப் பனியனுக்குள் போட்டுக்கொள்வது என்பது இதுதான்.

சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டபோதுதான், தன்னையே பட்டாளத்தில் சேர்த்துவிட்டார்கள் என்று உறைத்தது. அதற்குள் அவருடைய துணிமணியும் வீட்டுச் சாவியும் ஒரு சாக்குப் பைக்குள் போய்விட்டன. ஐயா, நான் தையல்காரன், துணி தைக்க வந்தவன் என்று அவர் ஆனமட்டும் சொல்லிப் பார்த்தார். ஹவில்தாருக்குக் கோபம்கூட வரவில்லை.

"நேத்து ஒருத்தன் சமையல்காரன்னு சொன்னான். முந்தாநாள் ஒருத்தன் தனக்குப் பேச்சே வராதுன்னு அவன் வாயாலயே சொன்னான். நீங்க தையல்காரரா? சரி, போய் நில்லுங்க."

மதியம் ஆனது. அப்பா கஞ்சி குடித்து ஆறு மணி நேரம் ஆகியிருக்கும் என்று தையல்காரர் கணக்குப் போட்டார். சொம்புத் தண்ணீரைக் கை தட்டிக் கவிழ்த்திருப்பாரோ என்று நினைத்தார். இடது காலா வலது காலா என்று தெரியாமல் மைதானத்தில் அணிவகுப்பு நடை பழகிக்கொண்டிருந்தார். கண்ணில் பட்டவரிடமெல்லாம் அப்பா உள்ளே பூட்டிக் கிடக்கிறார் என்றார். ஒருத்தன் சிரித்தான், ஒருத்தன் தன் அப்பாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான்.

மூன்று மணிக்கு மேல் பெரிய அதிகாரி வெளியே வந்து, தையல்காரன் எங்கே, வரச் சொல்லி எத்தனை நேரம் ஆச்சு என்று சத்தம் போட்டார். தையல்காரர் ஓடிப் போய் அவர் முன்னால் நின்றார். அதிகாரி ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இடுப்பு பிடிக்கிற கால்சட்டை ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, எங்கே, பிரித்துத் தைத்துக் காட்டு என்றார்.

அந்த ஒற்றைக் கால்சட்டையில் தையல்காரர் தன் உயிரையே வைத்துத் தைத்தார். ஒரு தையல்கூடக் கோணவில்லை. பாழாய்ப்போன கை, கோணியாவது தொலைத்திருக்கலாம். போட்டுப் பார்த்த அதிகாரி உட்கார்ந்தார், எழுந்தார், முகமெல்லாம் சிரிப்பு.

"நீங்க தையல்காரர்தான், சந்தேகமே இல்ல. இப்படி ஒரு ஆளத்தான் தேடிக்கிட்டிருந்தோம். கையெழுத்தும் போட்டாச்சு. நாளைக்குக் காலையில அஞ்சு மணிக்கு லாரி, எங்ககூட வந்துருங்க."

தையல்காரர் அவர் காலில் விழுந்துவிட்டார். வெட்கமெல்லாம் எப்போதோ போயிருந்தது. ஒரு மணி நேரம் விட்டால் போதும், சோறு கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறேன் என்று அழுதார். வெளியே விட்டால் திரும்புவாரா என்பது அதிகாரிக்குத் தெரியாதா? ஆனாலும் மனிதர்தானே, கொஞ்சம் இளகினார். சாக்குப் பையிலிருந்து சாவியை எடுத்து, ஒல்லி என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு சிப்பாயிடம் கொடுத்து, சாப்பாட்டுப் பொட்டலத்தோடு சைக்கிளில் அனுப்பி வைத்தார்.

ஒல்லி பொழுது சாயும் நேரத்தில் திரும்பினான். தையல்காரர் கிழிந்த சட்டைகளின் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். ஊசியைக் கீழே வைத்துவிட்டு அவன் முகத்தையே பார்த்தார்.

"நல்லா இருக்காருண்ணே," என்றான் ஒல்லி. "கதவத் திறந்ததும், ஏண்டா இவ்வளவு நேரம்னாரு. நீங்கன்னே நினைச்சுட்டாரு. இல்லன்னு ரெண்டு தடவ கத்துனேன், காதுல விழல. அப்புறம் நானும் விட்டுட்டேன்."

"சாப்பிட்டாரா?"

"ஊட்டி விட்டேன். கையப் புடிச்சுப் பாத்துட்டு, கை ஏன் இப்படிக் காஞ்சு கெடக்குன்னாரு. வேலை ஜாஸ்திப்பான்னு சொன்னேன். அப்பான்னு கூப்பிட்டு எனக்கும் வருஷக்கணக்கா ஆச்சுண்ணே."

தையல்காரருக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனாலும் பெற்ற பிள்ளைக்கும் எவனோ ஒருவனுக்கும் வித்தியாசம் தெரியவில்லையே என்று ஒரு கணம் வலித்தது. தெரியாமல் போனதே நல்லது, பசியாறினாரே என்று மறுகணம் தேற்றிக்கொண்டார். ஒல்லியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நான் திரும்பி வர்ற வரைக்கும் நீயே அவருக்குப் பிள்ளையா இருப்பா. ஒரு வேளை போய் எட்டிப் பாத்தாக்கூடப் போதும்."

ஒல்லி கையை இழுத்துக்கொள்ளவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

"நாளைக்கு லாரியில நானும்தாண்ணே வர்றேன். காலையில வந்துருவியாடான்னு அப்பா கேட்டாரு. வந்துர்றேன்பான்னு சொல்லிக் கதவப் பூட்டிட்டு வந்துட்டேன்."